காலத்தைச் செதுக்கிய கலைஞர்

நம் நாட்டுத் தோட்டப்புறங்களில் ஒரு காலத்தில் பெரட்டு மணியோடுதான் பொழுது விடிந்தது. இன்று செம்பனை அடர்ந்து நிற்கும் காஹாங் போன்ற ஜொகூர் வட்டாரங்களிலும் அதுவே வழக்கமாக இருந்தது. இருள் விலகும் முன்பே மணி ஒலிக்கும். பால்வெட்டுத் தொழிலாளர்கள் வரிசையில் வந்து நிற்பார்கள். அந்த மணியைச் சரியான நேரத்தில் அடிக்க யாரேனும் ஒருவரிடம் கடிகாரம் இருக்க வேண்டும். அக்காலத்துக் கடிகாரம் மின்கலத்தால் ஓடவில்லை. அதற்கு நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டும். மறந்தால் அது நின்றுவிடும்.

அத்தகைய கடிகாரங்கள் சில வீடுகளின் இழுப்பறைகளில் இன்றும் உறங்குகின்றன. தாத்தாவின் நினைவாக வைத்திருக்கும் அதை எடுத்துச் சாவி கொடுத்துக் காதருகே பிடித்துப் பாருங்கள். மெல்லிய துடிப்பு கேட்கும். அந்தத் துடிப்பைச் செம்மைப்படுத்துவதில் தம் வாழ்நாளையே செலவிட்டவர் ஆபிரகாம்-லூயி பிரெகே. கடிகாரத் தொழிலின் வரலாற்றில் அவருக்கு இணையாகச் சொல்லத்தக்கவர் மிகச் சிலரே.

கடிகாரத்தின் உள்ளே

பிரெகேயின் பணியை உணர, இயந்திரக் கடிகாரம் இயங்கும் முறையை முதலில் அறிந்துகொள்வோம். சாவி கொடுக்கும்போது ஒரு சிறு உருளைப் பெட்டிக்குள் இருக்கும் எஃகு வில் சுருண்டு இறுகுகிறது. கடிகாரம் பழுதுபார்ப்போர் இதனை மெயின் ஸ்பிரிங் என்பர். கடிகாரத்தின் ஆற்றல் முழுவதும் இந்த வில்லில்தான் அடங்கியுள்ளது. வில் விரியும்போது பற்சக்கரங்கள் ஒன்றையொன்று தள்ளிச் சுழல்கின்றன.

தடுப்பார் இல்லையெனில் அந்த வில் சில நொடிகளிலேயே முற்றாக விரிந்துவிடும். எனவே கடைசிப் பற்சக்கரத்தை ஒரு சிறு கொக்கி தடுத்து நிறுத்துகிறது, பிறகு ஒரே ஒரு பல்லை மட்டும் விடுவிக்கிறது, மீண்டும் தடுக்கிறது. நம் காதில் விழும் ஒலி இதுவே. இவ்வாறு தடுப்பதும் விடுப்பதுமாக இயங்கும் பகுதிக்கு எஸ்கேப்மென்ட் என்று பெயர்.

எப்போது விடுப்பது என்பதைத் தீர்மானிப்பது பேலன்ஸ் எனப்படும் ஊசல் சக்கரம். முடியினும் மெல்லிய ஹேர் ஸ்பிரிங் என்னும் சுருள் வில்லின் துணையோடு அது முன்னும் பின்னும் ஆடுகிறது. பல கடிகாரங்களில் இந்தச் சக்கரம் மணிக்கு 18,000 முறை ஆடும். ஒரு நாளைக்குக் கணக்கிட்டால் 432,000 ஆட்டங்கள்! இத்தனை ஆட்டங்களிலும் அதன் அச்சு தேயாமல் இருக்க, அச்சின் முனைகளைச் சிறு மாணிக்கக் கற்களில் துளையிட்டுப் பொருத்துகிறார்கள். விலையுயர்ந்த கற்களுக்கு இங்கே வேலை அழகூட்டுவதன்று, தேய்மானத்தைத் தடுப்பது.

ஒரு நாளில் 1,440 நிமிடங்கள் உள்ளன. நாளொன்றுக்கு ஒரு நிமிடம் பிந்தும் கடிகாரம், 1,440-இல் ஒரு பங்கு மட்டுமே தவறுகிறது. ஆயினும் நாம் அதனைப் பழுது என்கிறோம். இவ்வளவு கடுமையான தேர்வை நாள்தோறும் எழுதும் பொருள் வேறெதுவும் நம் வீட்டில் இருக்காது.

தந்தையை இழந்த சிறுவன்

பிரெகே 1747-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் நியூஷாத்தெல் நகரில் பிறந்தார். அந்நகரம் இன்று சுவிட்சர்லாந்தில் உள்ளது. அவருக்குப் பதினொரு வயதானபோது தந்தை இறந்தார். தாயார் மறுமணம் செய்துகொண்டார். புதிய தந்தை கடிகாரத் தொழில் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவ்வழியாகவே சிறுவனுக்கு அத்தொழில் அறிமுகமாயிற்று.

பதினைந்தாம் வயதில் அவர் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். மன்னரின் அரண்மனை இருந்த வெர்சாய் நகரில் ஒரு கடிகார வினைஞரிடம் தொழில் பழகினார். பகலில் பட்டறையில் வேலை. மாலையில் பாரிசின் மசாரன் கல்லூரியில் கணித வகுப்பு. அங்குக் கற்பித்த மரி என்னும் பாதிரியார் அவருடைய திறமையைக் கண்டு ஊக்கமளித்தார். கையால் அரம் பிடிக்கத் தெரிந்தவர்கள் அக்காலத்தில் பலர் இருந்தனர். அரத்தையும் கணிதத்தையும் ஒருசேரக் கையாளத் தெரிந்தவர்கள் சிலரே. பிரெகே அச்சிலரில் ஒருவரானார்.

மணிக்கூண்டுத் துறையில் ஒரு பட்டறை

1775-ஆம் ஆண்டில் பிரெகே திருமணம் செய்துகொண்டார். அதே ஆண்டில் பாரிசில் சேன் ஆற்றின் நடுவே உள்ள தீவில் சொந்தப் பட்டறையைத் தொடங்கினார். அந்த ஆற்றங்கரைத் தெருவின் பெயருக்குக் கடிகாரத் துறை என்று பொருள். அங்குள்ள பழைய அரண்மனைக் கோபுரத்தில் 14-ஆம் நூற்றாண்டு முதலே பொதுமக்களுக்கான மணிக்கூண்டு இருந்ததால் அப்பெயர் ஏற்பட்டது.

இல்வாழ்வு நீடிக்கவில்லை. 1780-இல் அவருடைய மனைவி இறந்தார். பிறந்த பிள்ளைகளில் அந்துவான்-லூயி என்ற மகன் ஒருவனே எஞ்சினான். முப்பத்து மூன்று வயதில், தாயற்ற சிறுவனோடு நின்ற பிரெகே, துயரத்தில் முடங்கிவிடவில்லை. அடுத்து வந்த சில ஆண்டுகளே அவருடைய கண்டுபிடிப்புகள் பெருகிய காலமாக அமைந்தன.

சாவி கொடுக்கத் தேவையில்லாத சட்டைப்பைக் கடிகாரத்தை அவர் செம்மைப்படுத்தினார். அணிந்திருப்பவர் நடக்கும்போது உள்ளே இருக்கும் ஒரு சிறு எடை மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டமே வில்லை இறுக்கும். இவ்வெண்ணம் அவருக்கு முன்பே வேறு சிலருக்கும் தோன்றியிருந்தது. ஆனால், அதனை நம்பி அணியத்தக்க கடிகாரமாக ஆக்கியவர்களுள் முதன்மையானவர் பிரெகே. கண்டுபிடிப்பு என்பது முதலில் நினைப்பது மட்டுமன்று. பிழையின்றி நடக்கும்வரை விடாமல் திருத்துவதும்தான்.

அக்காலத்தில் இரவில் நேரம் பார்க்க விளக்கேற்ற வேண்டும். எனவே, ஒரு பொத்தானை அழுத்தினால் நேரத்தை ஒலியால் அறிவிக்கும் கடிகாரங்கள் இருந்தன. அவற்றுள் சிறு மணி ஒன்று இருந்ததால் கடிகாரம் தடிமனாக இருந்தது. 1783-இல் பிரெகே அந்த மணியை நீக்கினார். அதற்கு மாற்றாக இயந்திரத்தைச் சுற்றி வளைந்து செல்லும் எஃகுக் கம்பி ஒன்றை அமைத்தார். சுத்தியல் அக்கம்பியைத் தட்டியது. ஒலி இனிமையாயிற்று, கடிகாரமும் மெலிந்தது.

முட்களையும் அவர் மாற்றினார். நீண்ட மெல்லிய முள்ளின் நுனிக்குச் சற்று முன்னே துளையுள்ள ஒரு வட்டம். எஃகைச் சூடேற்றிப் பெற்ற ஆழ்ந்த நீல நிறம். வெண்ணிற முகப்பில் அந்த நீல முள் பளிச்சென்று தெரியும். உலோக முகப்புகளில் நுண்ணிய கோடுகளைக் கடைந்து, கண் கூசாமல் நேரம் பார்க்கவும் வழி செய்தார். அவர் செய்த அழகு ஒவ்வொன்றுக்கும் ஒரு பயன் இருந்தது. இன்றும் அத்தகைய முட்களைப் பிரெகே முட்கள் என்றே உலகம் அழைக்கிறது.

அரசிக்காக ஒரு கடிகாரம்

1783-ஆம் ஆண்டில் பட்டறைக்கு ஒரு விந்தையான பணி வந்தது. அரசி மரி அந்துவானெத்தின் காவற்படை அதிகாரி ஒருவர் அதனைக் கொண்டுவந்ததாக அறியப்படுகிறது. அக்காலத்தில் அறிந்திருந்த எல்லா நுட்பங்களும் ஒரே கடிகாரத்தில் அமைய வேண்டும், இயன்ற இடங்களில் எல்லாம் பிற உலோகங்களுக்கு மாற்றாகத் தங்கமே பயன்பட வேண்டும், செலவுக்கு வரம்பில்லை, காலத்திற்கும் வரம்பில்லை. அந்தக் கடிகாரத்திற்கு 160 என்ற எண் இடப்பட்டது. அப்போது பிரெகேயின் வயது முப்பத்தாறு.

நேரம் காட்டுவதற்கு மேலாகக் கடிகாரம் செய்யும் ஒவ்வொரு கூடுதல் பணியையும் இத்தொழிலில் காம்ப்ளிகேஷன் என்பர். எண் 160-இல் அவை நிரம்பியிருந்தன. அது தானே சாவி ஏறும், நேரத்தை ஒலித்துக் காட்டும், மாதத்தின் நாள்களையும் நெட்டாண்டுகளையும் பிறர் திருத்தாமலே கணக்கிடும், வெப்பநிலை சொல்லும், வில்லில் எஞ்சியுள்ள ஆற்றலைக் காட்டும். கதிரவனின் போக்குக்கும் நம் கடிகார நேரத்திற்கும் இடையிலான வேறுபாட்டையும் காட்டும். அந்த வேறுபாடு சில நாள்களில் ஏறத்தாழ 16 நிமிடம்வரை செல்லும். இவை அனைத்தும் 823 உறுப்புகளாக ஓர் உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும். ஒவ்வோர் உறுப்பையும் கையால் அறுத்து, அராவி, மெருகேற்றிப் பொருத்த வேண்டும். ஓர் உறுப்பு சற்றே பிசகினாலும் மற்றவை நின்றுவிடும்.

பணி மெல்ல நடந்தது. ஆனால், நாட்டின் நிலைமை விரைவாக மாறியது.

புரட்சியின் நடுவே

1789-இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. பிரெகேயின் வாடிக்கையாளர்கள் பலர் அரச குடும்பத்தினர், உயர்குடியினர். அவர்களோடு பழகியவர்கள்மீதும் ஐயம் படர்ந்தது. எண் 160-இன் பணி நின்றது.

புரட்சித் தலைவர்களுள் ஒருவரான ழான்-போல் மாராவும் நியூஷாத்தெல் பகுதியில் பிறந்தவர், பிரெகேயின் நண்பர். ஒருமுறை மாராவைத் தேடி ஒரு கும்பல் வீட்டைச் சூழ்ந்தபோது, பிரெகே அவருக்கு மூதாட்டி வேடமிட்டுக் கைப்பிடித்து வெளியே அழைத்துச் சென்றார் என்று ஒரு செய்தி வழங்குகிறது. 1793-இல் பிரெகேயின் உயிருக்கே ஆபத்து நேர்ந்தபோது, நாட்டைவிட்டு வெளியேறும் அனுமதிச் சீட்டைப் பெற மாரா உதவினார். சில வாரங்களில் மாரா கொலையுண்டார். பிரெகே தம் மகனோடு பாரிசைவிட்டு வெளியேறினார்.

அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அரசி மரி அந்துவானெத் கொன்சியேர்ஜெரி சிறைக்குக் கொண்டுவரப்பட்டார். மணிக்கூண்டு நின்ற அந்தப் பழைய அரண்மனைதான் அச்சிறை. அவருக்கான கடிகாரம் தொடங்கப்பட்ட பட்டறையும் அதே ஆற்றங்கரைத் தெருவில்தான் இருந்தது. அக்டோபர் 16-இல் அரசிக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. யாருக்காகக் கடிகாரம் தொடங்கப்பட்டதோ அவர் இல்லை. தொடங்கியவரோ அயல்நாட்டில் இருந்தார்.

வெறுங்கையோடு மீண்டும்

சுவிட்சர்லாந்தில் லெ லோக்ல் என்னும் சிற்றூரில் பிரெகே சில தொழிலாளர்களுடன் சிறிய பட்டறை ஒன்றை அமைத்தார். பழைய வருமானம் இல்லை. பழைய கருவிகளும் இல்லை. ஆயினும் சிந்திப்பதற்குக் காலம் கிடைத்தது. பாரிசில் செய்ய வேண்டியவற்றை அவர் அங்கேயே திட்டமிட்டார்.

1795-இல் பாரிசுக்குத் திரும்பியபோது அவருடைய பட்டறை சீர்குலைந்து கிடந்தது. அரசின் உதவியோடு அதனை மீண்டும் எழுப்பினார். அடுத்தடுத்துப் புதிய படைப்புகள் வெளிவந்தன.

தட்டையான ஹேர் ஸ்பிரிங் விரியும்போது ஒரு பக்கமாகச் சாய்வதை அவர் கவனித்திருந்தார். அதன் கடைசிச் சுற்றை மட்டும் சற்று மேலே தூக்கி, நடுவை நோக்கி வளைத்தார். சுருள் எல்லாப் பக்கமும் சமமாக விரிந்து சுருங்கியது, துடிப்பு சீரானது. செய்த மாற்றம் ஒரு சிறு வளைவுதான். அதனைக் கண்டறியப் பல்லாண்டு உற்றுநோக்கல் தேவைப்பட்டது. இன்றும் தரமான சில கைக்கடிகாரங்களில் அந்த வளைவைக் காணலாம்.

செல்வந்தர்களை மட்டுமே நம்பியிருந்தால் தொழில் நிலைக்காது என்பதைப் புரட்சி அவருக்குக் கற்பித்திருந்தது. ஆகவே, ஒரே ஒரு முள் மட்டும் கொண்ட எளிய கடிகாரத்தை உருவாக்கினார். வாங்குவோர் விலையில் கால் பங்கை முன்பணமாகக் கட்ட வேண்டும். மீதியைக் கடிகாரம் கைக்கு வந்ததும் செலுத்த வேண்டும். அம்முன்பணமே வேலைக்கு முதலாயிற்று.

புகழ் பெருகியதும் போலிகளும் பெருகின. பிரெகேயின் பெயரைப் பொறித்த மட்டமான கடிகாரங்கள் சந்தைக்கு வந்தன. அவர் தம் கடிகார முகப்பில் மிகச் சிறிய மறைவுக் கையொப்பம் ஒன்றைப் பொறிக்கத் தொடங்கினார். நேராகப் பார்த்தால் அது தெரியாது. ஒளியில் சாய்த்துப் பார்த்தால் மட்டுமே தெரியும்.

சுழலும் கூண்டு

சட்டைப்பைக் கடிகாரத்தில் ஒரு குறை நீண்ட நாளாக இருந்தது. பையில் அது எப்போதும் செங்குத்தாக நிற்கும். ஊசல் சக்கரத்தின் எடை ஒரு பக்கம் இம்மியளவு கூடுதலாக இருந்தாலும், புவியீர்ப்பு அப்பக்கத்தை இழுக்கும். கடிகாரம் முந்தும் அல்லது பிந்தும். அந்தச் சக்கரத்தை முற்றிலும் சமமாகச் செய்வது அக்காலக் கருவிகளால் இயலாத செயல்.

பிரெகே வேறு வழியில் சிந்தித்தார். பிழையை அறவே நீக்க முடியாவிட்டால், பிழையைக் கொண்டே பிழையை ஈடுசெய்யலாம் அல்லவா? ஊசல் சக்கரத்தையும் எஸ்கேப்மென்டையும் ஒரு சிறு கூண்டுக்குள் வைத்து, அக்கூண்டையே மெல்லச் சுழலவிட்டார். மேலே இருக்கும்போது முந்துவது கீழே வரும்போது பிந்தும். ஒரு சுற்று முடிவதற்குள் இரண்டும் பெரும்பாலும் ஈடாகிவிடும். 1801-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் இதற்குக் காப்புரிமை பெற்றார். சுழல்காற்று என்னும் பொருள்பட, தூர்பியோன் என்று இதற்குப் பெயரிட்டார். செய்வதற்கு மிக அரிதானதால் அவர் காலத்தில் விற்கப்பட்டவை சில பத்துகளே. இருநூறு ஆண்டுகள் கடந்த பின்னரும் ஒரு கடிகார வினைஞரின் திறனை அளக்கும் உரைகல்லாக இது விளங்குகிறது.

1810-இல் நேப்பிள்ஸ் அரசியும் நெப்போலியனின் தங்கையுமான கரோலின் மணிக்கட்டில் அணியும் கடிகாரம் ஒன்று கேட்டார். எல்லாரும் சட்டைப்பைக் கடிகாரம் வைத்திருந்த காலம் அது. 1812-இல் அக்கடிகாரம் முடிக்கப்பட்டது. உலகின் மிகத் தொன்மையான கைக்கடிகாரங்களுள் ஒன்றாக அது கருதப்படுகிறது. அக்கடிகாரம் இன்று எங்குள்ளது என்பது தெரியவில்லை. பட்டறையின் கணக்கேடுகளே அதற்குச் சான்றாக உள்ளன.

கடலோடிகளின் துணைவர்

கடிகாரம் செல்வர்களின் அணிகலன் மட்டுமன்று. நடுக்கடலில் அது உயிர் காக்கும் கருவி. புவி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. எனவே, புறப்பட்ட துறைமுகத்தின் நேரமும் தாம் நிற்கும் இடத்தின் நேரமும் தெரிந்தால், கிழக்கு மேற்காக எவ்வளவு தூரம் வந்துள்ளோம் எனக் கணக்கிடலாம். நேரத்தில் ஒரு நிமிடம் தவறினால், நிலநடுக்கோட்டுக்கு அருகே ஏறத்தாழ 28 கிலோமீட்டர் தவறும். மெர்சிங் கடலோரத் தீவுகளைக் கடக்கும் ஒரு பாய்மரக் கப்பல் இருளில் அத்தனை தூரம் வழி தவறினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

பிரெகே கப்பல்களுக்கான துல்லியக் கடிகாரங்களையும் செய்தார். 1815-இல் பிரெஞ்சுக் கடற்படையின் கடிகார வினைஞராக நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டில் அறிவியல் கழகத்தின் உறுப்பினரானார். பட்டறையில் அரம் பிடித்த கை, அறிஞர்களின் அவையில் இடம்பெற்றது.

அவர் காணாத நிறைவு

முதுமையிலும் பிரெகே பணியை விடவில்லை. எண் 160-ஐ அவர் மறக்கவும் இல்லை. கேட்டவர் இறந்துவிட்டார், பணம் கொடுப்பார் எவருமில்லை. ஆயினும் இடையிடையே அதனை எடுத்து வேலையைத் தொடர்ந்தனர். 1823-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள், எழுபத்தாறாம் வயதில் பிரெகே மறைந்தார். கடிகாரம் அப்போதும் நிறைவடையவில்லை.

தாயை இழந்து தந்தையின் கையைப் பற்றி நாட்டைவிட்டு வெளியேறிய அந்துவான்-லூயி இப்போது பட்டறையின் தலைவர். அவருடைய பொறுப்பில், 1827-இல் எண் 160 நிறைவுற்றது. பணி தொடங்கி 44 ஆண்டுகள். அரசி மறைந்து 34 ஆண்டுகள். அதனை வடிவமைத்தவர் மறைந்து நான்கு ஆண்டுகள். மூவரில் எவரும் அவசரப்படுத்தவில்லை. ஆனால் எவரும் குறைத்துச் செய்யவும் இல்லை.

அக்கடிகாரம் பல கைகள் மாறி, இறுதியில் எருசலேம் அருங்காட்சியகம் ஒன்றை அடைந்தது. 1983-இல் களவு போனது. 2007-இல் மீண்டும் கிடைத்தது.

தென்னை வைத்தவன் தின்றுவிட்டுப் போவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுப் போவான் என்பது நம் முன்னோர் கூற்று. காடாய் இருந்த நிலத்தில் பால்மரக் கன்று நட்ட நம் பாட்டன் பாட்டிமாருக்கும் இது தெரிந்திருந்தது. ஆறேழு ஆண்டுகள் பொறுத்தால்தான் அம்மரத்தில் பால் வெட்ட முடியும். அவர்களில் பலர் நட்டுவிட்டு வேறு தோட்டத்திற்கு மாறினர். பிரெகே செய்த கடிகாரமும் அத்தகையதே. தாம் காணாத நிறைவுக்காகவும் ஒரு பணியைச் சற்றும் குறையாமல் செய்வதே கைத்தொழிலின் அறம். இழுப்பறையில் உறங்கும் பழைய கடிகாரத்திற்கு அடுத்த முறை சாவி கொடுக்கும்போது, அந்த மெல்லிய துடிப்பில் அவ்வறத்தை நீங்களும் கேட்கலாம்.

கருத்துணர் கேள்விகள்

1. எஸ்கேப்மென்ட் இல்லாவிடில் கடிகாரத்திற்கு என்ன நேரும்?
2. பிழையைக் கொண்டே பிழையை ஈடுசெய்தல் என்பதைத் தூர்பியோனைக் கொண்டு விளக்குக.
3. பிரெஞ்சுப் புரட்சி பிரெகேயின் வாழ்விலும் தொழிலிலும் ஏற்படுத்திய மாற்றங்கள் இரண்டினைக் குறிப்பிடுக.
4. கேட்டவர் இறந்த பின்னரும் எண் 160 கடிகாரத்தை நிறைவு செய்தது சரியான முடிவா? உன் கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.